முட்டியால் போட்ட தாளம்

கச்சேரி மேடையின் திரை விலகியதும் அக்கா இருக்கையின் நுனிக்கு வந்தாள். தம்பி தன் இடத்தில் இல்லை. பாட்டுக்காரம்மாவின் வலது பக்கம் இருந்த பாயை விட்டு நகர்ந்துபோய், தபலாக்காரரோடு முட்டியும் முட்டியும் உரச உட்கார்ந்திருந்தான். இன்றைக்கென்று பார்த்து இது என்ன வேலை?

பகலில் அவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். சின்ன வயதில் அக்காவின் தையல் மெஷின் ஓடினால் அவன் வாயும் கூடவே ஓடும், தகதிமி தகஜுணு என்று. அதுதான் வளர்ந்து கொன்னக்கோல் ஆனது. மிருதங்கம் பேசுவதை வாயாலேயே பேசுகிற வித்தை. வேலையிலும் சரி, தாளத்திலும் சரி, ஒரு திருகு தளர்ந்திருந்தால் தூக்கம் வராது அவனுக்கு. அந்தப் பெருமையில் அக்கா தெருவில் நிமிர்ந்துதான் நடப்பாள்.

கர்நாடகப் பாட்டு, இந்துஸ்தானித் தபலா, நடுவில் இவன் குரல். இதுதான் அவர்கள் குழு. முதல் பாட்டிலேயே வம்பு. தாளத்தின் முதல் அடி விழுந்து, அரை அடி கழித்துத்தான் அந்தப் பாட்டு தொடங்கும். தபலாக்காரரோ பாட்டு காதில் விழுந்த இடத்தையே முதல் அடியாக எடுத்துக்கொண்டார். நேற்றைய ஒத்திகை முழுக்க, முடிகிற இடத்தில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். முதல் அடி விழும்போது தம்பி விரலைக் காட்டிப் பார்த்தான். தம்புரா ஒலித்ததுமே கண்ணை மூடிவிடுகிறவரிடம் எந்த விரலைக் காட்டி என்ன? முதல் அடியை வாயால் சொல்லிவிடுகிறேனே என்று கேட்டான்.

"நான் எடுக்கறதுக்கு முன்னாடி யாரும் வாயத் திறக்கக் கூடாது," என்றார் பாட்டுக்காரம்மா. "நாளைக்கும் தாளம் இடிச்சா கொன்னக்கோலே வேண்டாம். நாங்க ரெண்டு பேரே பாத்துக்கறோம்."

பிசகு ஒருவருடையது, போகப்போகிற தலை இன்னொருவருடையது. அக்கா வீட்டில் பொருமித் தீர்த்தாள். அவன் பாட்டுக்குச் சாப்பிட்டு எழுந்தான்.

இப்போது தம்புரா ஒலித்தது. தபலாக்காரர் வழக்கம்போலக் கண்ணை மூடினார். பாட்டுக்காரம்மாவின் கை தாளத்துக்கு உயர்ந்தபோது, அக்காவின் கையும் தானாகத் தொடையை விட்டு எழுந்தது.

அடி விழுந்தது. அதே நொடி தம்பியின் முட்டி தபலாக்காரரின் முட்டியில் நச்சென்று இடித்தது. அவர் திடுக்கிட்டுக் கண் விழித்தார். அரை அடி தள்ளிப் பாட்டு எழுந்தது.

அவருக்குப் புரிந்ததா, கோபம்தான் வந்ததா? அக்காவுக்குப் பாட்டு காதில் ஏறவேயில்லை. முடிவு வந்தால்தானே தெரியும். தம்பி கடைசிச் சொற்கட்டை மூன்று முறை அடுக்கினான்; தபலா அவன் கூடவே ஓடியது. அக்காவின் கை தொடையில் ஓங்கி ஓங்கித் தாளம் போட்டது. மூன்றாவது இருவருக்கும் ஒன்றாக முடிந்த இடத்தில், ஒரு மயிரிழை பிசகாமல், பாட்டுக்காரம்மா பாட்டை எடுத்தார்.

கச்சேரி முடிந்து அக்கா மேடைக்குப் பின்னால் போனபோது தபலாக்காரர் முட்டியைத் தடவிக்கொண்டிருந்தார். "ஏம்ப்பா, கொஞ்சம் மெதுவா இடிக்கக் கூடாதா? இது என்ன லிஃப்ட் கதவா?"

தம்பி தலையைச் சொறிந்தான். பாட்டுக்காரம்மா தம்புராவை உறையில் போட்டுக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் அக்காவிடம் சொன்னார்: "அடுத்த கச்சேரிக்கும் உங்க தம்பிய அங்கயே உக்காரச் சொல்லுங்க."

"சொல்றேம்மா," என்றாள் அக்கா, சிவந்துபோயிருந்த உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு.