எதிர்க்கடை ஸ்டெல்லா அக்கா

செய்தி வந்தபோது நான் கடை வாசலில் புதிய வாஷிங் மெஷின் ஒன்றைப் பிரித்துக்கொண்டிருந்தேன். ஸ்டெல்லா அக்காவின் கணவர் அந்தோணி அண்ணன் ஈப்போ மருத்துவமனையிலிருந்து அழைத்தார். "செல்வம், உங்க அக்கா போயிட்டா. காலையிலதான். நெஞ்சு தாங்கல" என்றார். பிறகு அவரே, "நேத்துகூட டாக்டர்கிட்ட சண்டை. எதிர்க்கடை தொறந்திருக்கு, நான் இங்க படுத்திருக்கேன்னு" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பக்கம் அவரும் சிரித்தது கேட்டது.

மலையில் இருக்கும் எங்கள் ரிங்லெட் டவுனில் ஒரே தெருவில், ஒன்றை ஒன்று பார்த்தபடி நிற்கும் இரண்டு மின்சாமான் கடைகளில் ஒன்று ஸ்டெல்லா அக்காவுடையது; மற்றது என்னுடையது. இதைப் படிக்கும் உங்களில் பலர், அங்கே கேட்ட விலையை இங்கே வந்து குறைத்துச் சொன்னவர்கள்தாம். எங்களுக்கு அது அப்போதே தெரியும். நாங்களும் ஒருவருக்கொருவர் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

அக்கா தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவர். பள்ளி முடித்ததும் பினாங்கில் ஒரு டிவி தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, பிறகு மலைக்கே திரும்பி வந்து கடை போட்டார். எனக்கு அடுத்த வருடம்தான் அவர் கடை திறந்தது. ஆனாலும் முதல் நாளிலிருந்து என்னைப் பின்னால் வந்தவன் போலவே நடத்தினார்.

அவருடைய கெட்டிக்காரத்தனத்தை நான் நேரடியாக அனுபவித்தது ஒரு தீபாவளிக்கு. சாப்பாட்டுக் கடையில் எனக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து, மொத்த வியாபாரியிடம் போனில் சத்தமாகப் பேசினார்: "கரவோக்கே செட் இன்னும் வரலையே லா? தீபாவளிக்கு இங்க எல்லாரும் அதத்தான் கேக்குறாங்க." நான் தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு ஓடினேன். என் கடை முழுக்கக் கரவோக்கே செட்டுகளை இறக்கினேன். மறுவாரம் அவர் கடைக்கு லோரி வந்தது. இறங்கியதெல்லாம் துணி உலர்த்தும் மெஷின்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. எந்த வீட்டிலும் துணி காயவில்லை. ஜனங்கள் அவர் கடையில் வரிசையில் நின்றார்கள். நான் என் கடையில் தனியாக உட்கார்ந்து, மைக் வேலை செய்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தேன்.

கோபத்தில் அவரிடம் பேசுவதையே நிறுத்தினேன். கிறிஸ்துமஸ் நெருங்கியபோது அவரே கடைக்குள் வந்தார். "ஒரு செட்டக் குடு செல்வம். வீடு வீடாக் கேரல் பாடப் போறோம்" என்றார். பாட்டுக்கும் அவர் குரலுக்கும் சம்பந்தமே கிடையாது என்பது தேவாலயத்தில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு லயத்திலும் மைக்கைப் பிடித்துப் பாடினார். சிரித்தவர்கள் கையில் மைக்கைக் கொடுத்துப் பாடச் சொன்னார். பாடியவர்களிடம், "செல்வம் கடையில இருக்கு, போய்ப் பாருங்க" என்றார். பொங்கலுக்குள் என்னிடம் ஒரு செட்கூட மிஞ்சவில்லை.

ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"உன்மேல பாசம்னு நினைக்காத" என்றார். "இந்தத் தெருவுல ஒரே கடை இருந்தா, வெலைய ஒப்பிட்டுப் பாக்கணும்னு ஜனங்க கீழ தாப்பா டவுனுக்கு எறங்கிடுவாங்க. ரெண்டு கடை இருந்தாத்தான் இங்கயே சுத்துவாங்க. நீ இருக்கணும். ஆனா என்னைவிடக் கொஞ்சம் கம்மியா விக்கணும். அவ்வளவுதான்."

அந்தக் கணக்கு எவ்வளவு சரி என்பது, மலையில் எங்களுக்கு மேலே இருக்கும் ஊரில் ஒரு பெரிய மின்சாமான் நிறுவனம் கிளை திறந்தபோது புரிந்தது. நாங்கள் மொத்த வியாபாரியிடம் வாங்கும் விலையைவிடக் குறைவாக அவர்கள் டிவி விற்றார்கள். எங்கள் தெரு காலியானது. கடையை மூடிவிட்டு ஈப்போவுக்குப் போய்விடலாமா என்று நானும் மனைவியும் பேசத் தொடங்கியிருந்தோம். அந்தச் சமயத்தில்தான் அந்த நிறுவனம் அக்காவை மேனேஜர் வேலைக்குக் கூப்பிட்டிருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு அவர் கிளம்பியதைக் கடையிலிருந்து பார்த்தேன். இனி எனக்கு எதிரில் யாரும் இல்லை என்று தோன்றியது. அந்த நினைப்பு கொஞ்சமும் இனிக்கவில்லை.

சாயங்காலம் சேலைகூட மாற்றாமல் நேராக என் கடைக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேலைய ஒத்துக்கிட்டீங்களா அக்கா?"

"வேணாம்னுட்டேன் லா. ஆனா கேக்க வேண்டியதெல்லாம் கேட்டுட்டேன். மேனேஜரா வரச் சொல்றவன் பதில் சொல்லித்தானே ஆகணும்? டிவியில அவனுக்கு லாபம் ஒண்ணும் நிக்காது செல்வம். டிவியக் காட்டி உள்ள கூப்புடுறான். மத்த சாமான்லதான் எடுக்குறான். வீட்டுக்குக் கொண்டு போய்க் குடுக்க லோரியும் சொந்தமா இல்ல."

"அதுக்கு நாம என்ன செய்ய முடியும்?"

"டிவிய அவன்கிட்டயே வாங்கச் சொல்லுவோம்."

அவர் விளையாடுகிறார் என்றுதான் நினைத்தேன். மறுவாரமே பழைய லோரி ஒன்றை இருவரும் பங்கு போட்டு வாங்கினோம். அதில் யார் கடைப் பெயர் எந்தப் பக்கம் என்று பேச்சு வந்தது. "நீயே மொதல்ல எடுத்துக்க" என்றார் பெருந்தன்மையாக. ஓட்டுநர் பக்கம்தான் கௌரவம் என்று அதைக் கேட்டு வாங்கினேன். கடைகளும் ஜனங்களும் நிற்கும் ஓரத்தைப் பார்த்திருப்பது இடது பக்கம் என்பது, லோரி தெருவில் ஓடிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

டிவி கேட்டு வந்தவர்களிடம் அக்கா, "அங்க வெலை கம்மி அண்ணே, போய் வாங்குங்க. கொண்டாந்து மாட்டித் தர்றது நாங்க" என்பார். வந்தவர்கள் திகைத்துப் போவார்கள். மலையின் மறுகோடியில் இருக்கும் கம்போங் ராஜா வரைக்கும், தோட்டத்து உள்பாதைகளிலும் அந்த லோரி அந்தப் பெரிய கடையின் டிவிகளைச் சுமந்துகொண்டு ஓடியது. வீட்டுக்குள் போய் மாட்டும்போது வயர் பழசாக இருக்கும், ஹீட்டர் ஒழுகும், அடுப்படியில் ஈரத்துணி தொங்கும். அதையெல்லாம் அக்காவின் கண் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிடும். வெளியே வருவதற்குள் ஏதாவது ஒன்றை விற்றிருப்பார். "அவன் வாசலோட நின்னுட்டான். நாம உள்ள போயிட்டோம்" என்பார். அந்தப் பெரிய கடை இன்றும் இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.

அடக்கத்துக்கு நிறையப் பேர் வந்திருந்தார்கள். ஒரே பொருளுக்கு அடித்துக்கொள்ளும் கம்பெனிகளின் விற்பனை ஆட்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். திரும்பும்போது ஒருவர் என் தோளைத் தட்டி, "இனிமே ரிங்லெட் பூரா உங்களுதுதான்" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து சாப்பிடாமலே படுத்துவிட்டேன்.

மறுவாரம் எதிர்க்கடை திறந்தது. கோலாலம்பூரில் வேலை பார்த்த அக்காவின் மகள் ரோஸ்லின், வேலையை விட்டுவிட்டு வந்து கடைக்குள் நின்றாள். வாசலில் ஒரு பலகை. அதில் என் ஹீட்டர் விலையைவிடக் குறைவாக ஒரு விலை. தெருவைத் தாண்டிப் போனேன்.

"இந்த வெலைக்கு வித்தா உனக்கு என்னம்மா நிக்கும்?"

"அதை எதிர்க்கடைக்காரர்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க, மாமா."

திரும்பி வந்து என் விலையைக் குறைத்தேன். பல நாட்களுக்குப் பிறகு அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது. ஸ்டெல்லா அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்வது இதைத்தான்: தோற்கடிக்க முழு மூச்சாக முயல வேண்டும், ஆனால் எதிரில் இருப்பவர் மறுநாளும் கடை திறக்க வேண்டும் என்று உள்ளூர ஆசைப்படவும் வேண்டும்.