கூட்டிய பிறகு எழுதியது

மருத்துவமனையில் அவளை எக்ஸ்ரே என்பார்கள். ஒரு நர்ஸின் மோதிரத்திலிருந்து விழுந்த கடுகளவு கல்லை இரண்டு கூடைச் சருகுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்த நாளில் வந்த பெயர். எக்ஸ்ரே அறையில் வேலை செய்பவருக்கு இதில் கொஞ்சம் வருத்தம். அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

பத்தொன்பது வருடமாக வளாகத்தைக் கூட்டுகிறாள். காலை ஐந்து மணிக்குப் பெரிய கேட்டில் தொடங்கினால் ஆறரைக்குச் சலவைக்கூடத்தின் பின்சுவரில் முடியும். பிறகு மேற்பார்வையாளர் அறைக்குப் போய்ப் பதிவேடு எழுத வேண்டும். குப்பை: அகற்றப்பட்டது. தேங்கிய நீர்: இல்லை. சிகரெட் துண்டு: இல்லை. கையெழுத்து.

கடைசிக் கட்டம் மூன்று வருடத்துக்கு முன்னால் சேர்ந்தது. அப்போதுதான் கேட்டில் 'புகையில்லா வளாகம்' என்று ஆள் உயரத்துக்குப் போர்டு வைத்தார்கள். முன்வாசலில் மணல் போட்டு நிறுத்தியிருந்த சாம்பல் தொட்டிகளைத் தூக்கிவிட்டார்கள். ஒரே வாரத்தில் முன்பக்கம் துப்புரவாகிவிட்டது. புகைப்பவர்கள் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனார்கள். சலவைக்கூடத்துக்கும் ஜெனரேட்டர் அறைக்கும் நடுவில் ஒரு மூலை. மேலே தகரக் கூரை. காற்று அடிக்காது, தீக்குச்சி அணையாது, யார் கண்ணிலும் படாது. அதற்கு நேர் மேலே நுரையீரல் வார்டின் ஜன்னல்.

அந்த ஜன்னலோரக் கட்டிலுக்கு அவளுடைய அக்கா வந்து சேர்ந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது.

அக்கா நூற்பாலையில் இருபத்திரண்டு வருடம் பஞ்சுத் தூசுக்குள் நின்றவள். சிகரெட்டைக் கையால் தொட்டதில்லை. வாய் மட்டும் பெரிய வாய். ஆலையில் அத்தனை எந்திரச் சத்தத்திலும் அவள் குரல் கடைசி வரிசைக்குக் கேட்குமாம். இப்போது மூன்று சொல்லுக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கினாள்.

வீட்டுக்குப் போக ஒரு பரிசோதனை உண்டு. வராந்தாவில் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் சிவப்பு டேப் ஒட்டியிருக்கும். விரலில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஒரு கிளிப்பை மாட்டிக்கொண்டு ஆறு நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும். நடந்துவிட்டால் ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே வீட்டுக்குப் போகலாம். அக்காவுக்கு மூன்று தடவை நாள் குறித்தார்கள். மூன்று தடவையும் முந்தின நாள் சாயங்காலம், பார்வையாளர் நேரத்தில், கீழேயிருந்து புகை ஏறியது. இருமல் பிடித்தால் இரண்டு மணி நேரம். மறுபடி முகமூடி, மறுபடி ஊசி. ஜன்னலைச் சாத்தினால் முப்பது கட்டில் மூச்சும் உள்ளேயே சுற்றியது.

மூன்றாவது தடவை தள்ளிப்போன மறுநாள் காலை, வேலை முடித்துத் துடைப்பத்தோடு எக்ஸ்ரே மேலே போனாள்.

"முடிச்சிட்டியா?" என்றாள் அக்கா.

"முடிச்சிட்டேன்."

"கீழ... மூலையும்?"

"அதுவும்தான். ஒரு துண்டு இல்லாம பெருக்கியாச்சு."

அக்கா கூரையைப் பார்த்தபடி சொன்னாள். "நல்லா பெருக்கி வை. உன் விருந்தாளிங்க... வருவாங்க இல்ல... உட்கார வேணாமா?"

பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். எக்ஸ்ரே சிரிக்கவில்லை. அக்கா வாயிலிருந்து வாழ்நாளில் எத்தனையோ வாங்கியிருக்கிறாள். இது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

அன்றே மேற்பார்வையாளரிடம் போனாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. எதையும் எழுத்தில் பார்த்தால்தான் நம்புவார்.

"சார், சலவைக்கூடத்துக்குப் பின்னால ரொம்ப பேர் சிகரெட் பிடிக்கிறாங்க. மேல வார்டுக்குப் போகுது."

அவர் பதிவேட்டைப் பிரித்தார். பக்கம் பக்கமாகத் திருப்பினார். "இல்லை. இல்லை. இல்லை. இல்லை. இதெல்லாம் யார் கையெழுத்து?"

"என்னோடதுதான் சார். ஆனா கூட்டினப்புறம் எழுதினது."

"அப்புறம் என்ன?"

"கூட்டினப்புறம் எப்படி சார் இருக்கும்?"

அவருக்கும் புரிந்துவிட்டது. புரிந்தது பிடிக்கவில்லை. "மூணு வருஷமா புகையில்லா வளாகக் குழுவுல இதைத்தான் வாசிக்கிறோம். மேலிடத்துக்கு இதைத்தான் அனுப்பறோம். திடீர்னு நாளைக்கு நீ 'உண்டு'ன்னு எழுதினா, கூட்டாம என்ன பண்ணினன்னு உன்னைக் கேப்பாங்க. நீ என்ன மேய்ச்சன்னு என்னைக் கேப்பாங்க. வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாரு. இல்லேன்னா ரோட்டுக்கு அந்தப் பக்கம் கண் ஆஸ்பத்திரிக்கு மாத்தி விட்டுடுவேன். நல்ல நிழல் இருக்கு அங்க."

கண் மருத்துவமனைக்குப் போனால் வேலைக்கு நடுவில் அக்காவை எட்டிப் பார்க்க முடியாது. வேறு ஆளும் கிடையாது. அக்காவுக்கு இவள், இவளுக்கு அக்கா. அவ்வளவுதான் குடும்பம்.

மறுநாள் அந்த மூலையைக் கூட்டாமல் விட்டாள். யாராவது பார்க்கட்டும் என்று நினைத்தாள். வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். இறங்கவில்லை. பல்லில் ஏதோ சிக்கியிருப்பதுபோல இருந்தது. காலை பதினொரு மணிக்கு பஸ் பிடித்துத் திரும்பி வந்து மூலையைக் கூட்டிவிட்டுப் போனாள். கூட்டாமலிருக்க அவளுக்குக் கை வரவில்லை.

அந்தச் சமயத்தில்தான், கூட்டியதை எங்கே கொட்டுவது என்று நின்றபோது, ரத்தப் பரிசோதனைக்கூடத்து வாசலில் கழித்துப் போட்டிருந்த அகலவாய் பாட்டில்களைப் பார்த்தாள். தண்ணீர்போலத் தெளிவான பிளாஸ்டிக், திருகு மூடி. கேட்டு ஏழு வாங்கிக்கொண்டாள். ஒரு நாளுக்கு ஒரு பாட்டில். மேலே பிளாஸ்திரி ஒட்டிக் கிழமை எழுதினாள். மூலை வழக்கம்போலச் சுத்தம். பதிவேட்டில் வழக்கம்போல 'இல்லை'. ஞாயிற்றுக்கிழமை பாட்டிலுக்கு மூடி போட முடியவில்லை. அழுத்தி மூடினாள்.

புகையில்லா வளாகக் குழு மாதத்தில் ஒரு புதன்கிழமை கூடும். பெரிய டாக்டர் தலைமை. மொத்தம் ஏழு நாற்காலி. அந்த அறையைக் கூட்டி, நாற்காலிக்கு ஒன்றாகத் தண்ணீர் பாட்டில் வைப்பது எக்ஸ்ரேயின் வேலை. அந்தப் புதன்கிழமை தண்ணீர் பாட்டில்களை ஓரத்து அலமாரியில் அடுக்கிவிட்டு, அவை இருக்கவேண்டிய இடங்களில் தன் ஏழு பாட்டில்களையும் வைத்தாள். திங்கள் பாட்டில் உருண்டு கீழே விழுந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். போய்விடலாமா என்று நினைத்தாள். கதவோரம் நின்றாள்.

பேசிக்கொண்டே வந்து உட்கார்ந்தார்கள். கணக்கு அலுவலர் மூடியைத் திருகிவிட்டு, மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "ஐயோ, என்னய்யா இது!"

மேற்பார்வையாளர் ஒரு பார்வையில் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு, தரை பிளக்காதா என்பதுபோலக் குனிந்துகொண்டார்.

பெரிய டாக்டர் தன் முன்னாலிருந்த பாட்டிலைத் திருப்பிப் படித்தார். "வெள்ளி. என்னம்மா வெள்ளி?"

"வெள்ளிக்கிழமை பெருக்கினது சார். ஒரே ஒரு மூலையில."

"எங்க?"

சொன்னாள். நிர்வாக அலுவலர் சிரித்தார். "வெளியாளுங்க வந்து போடறாங்க சார். நாம என்ன செய்ய முடியும்? போர்டு வச்சிருக்கோம்."

எக்ஸ்ரே ஒரு பாட்டிலை எடுத்துத் தூக்கிக் காட்டினாள். இதற்குமேல் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றிவிட்டது. "வெளியாளுங்களும் இருக்காங்க சார். இதோ, பஞ்சு கருகற வரைக்கும் இழுத்திருக்கு பாருங்க. உள்ள ஆபரேஷன் நடக்கறப்ப வெளியே நிக்கறவங்க. இது, மாத்திரை கொடுக்கிற காகிதக் கப்புக்குள்ள மடிச்சு வச்சது. நம்ம நோயாளிங்க. மடிச்சு வச்சா யாருக்கும் தெரியாதாம்." வேறொரு பாட்டிலைத் தூக்கினாள். "பாதியில நசுக்கினது இதெல்லாம். நடுவுல யாரோ கூப்பிட்டு ஓடினவங்க. இதுதான் சார் அதிகம்."

ஒரு இளம் டாக்டர் தன் முன்னாலிருந்த பாட்டிலை இரண்டு விரலால் மெதுவாகத் தள்ளி, பக்கத்து நாற்காலிக்கு முன்னால் சேர்த்தார்.

"யார் யாருன்னு தெரியுமா?" என்றார் பெரிய டாக்டர்.

"முகம் பாக்கற வேலை இல்லைங்க எனக்கு. தரையைத்தான் பாப்பேன்."

"இத்தனை நாளா ஏன் சொல்லல?"

"நான்தான் சார் இல்லைன்னு எழுதினேன். கூட்டிட்டு வந்து எழுதுவேன். எழுதறப்ப இருக்காது." பிறகு சொன்னாள்: "எங்க அக்கா மேல படுத்திருக்கா. ஜன்னல் திறக்கணும். அதுக்குத்தான்."

பெரிய டாக்டர் எழுந்தார். "வாங்க, பாத்துட்டு வருவோம்" என்றார். ஏழு பேரும் அவள் பின்னால் நடந்தார்கள். துடைப்பக்காரி முன்னால், பெரிய டாக்டர் பின்னால் என்று ஒரு ஊர்வலம் போவதைப் பார்த்து மருந்து வாங்க நின்ற வரிசையே திரும்பியது.

மூலையில் ஆம்புலன்ஸ் டிரைவர் தனியாக நின்றுகொண்டிருந்தார். அவர்களைக் கண்டதும் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். "வணக்கம் சார்." அவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து புகை நிதானமாக எழுந்து மேலே போனது. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். டிரைவரும் திரும்பிப் பார்த்தார். தகரத்தின் விளிம்பைத் தொட்டு, வளைந்து, ஜன்னல் இடுக்குக்குள் போனது. ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. மேலே இருமல் தொடங்கியது.

எக்ஸ்ரேவுக்கு அது யாருடையது என்று தெரியும். நிற்கும் என்று காத்திருந்தார்கள். நிற்கவில்லை. பெரிய டாக்டர் வார்டுப் படியில் ஏறினார்.

மெமோ வரவில்லை. மாற்றலும் வரவில்லை. இரண்டு நாளில் தகரக் கூரையைப் பிரித்துவிட்டார்கள். சலவைக்கூடத்துக் கொடிக்கம்பிகளை அங்கே கட்டினார்கள். ஈரப் போர்வைகளுக்கு நடுவில் நின்று சிகரெட் பற்றவைக்க ஆளுக்குத் தைரியம் வேண்டும். காவலாளி மணிக்கு ஒருமுறை அந்தப் பக்கமாக நடந்தார். விட நினைப்பவர்கள் வேலை செய்பவரானாலும் நோயாளியானாலும் பார்க்க வந்தவரானாலும் கேட்கலாம் என்று பத்தாம் எண் அறையைத் திறந்துவைத்தார்கள். முதல் நாள் யாரும் போகவில்லை. மூன்றாம் நாள் அந்த இளம் டாக்டர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

மேற்பார்வையாளர் பதிவேட்டில் ஸ்கேல் வைத்து இரண்டு புதுக் கோடு இழுத்தார். கூட்டும் முன். கூட்டிய பின். "இனிமே ரெண்டுலயும் எழுது" என்றார், அவளைப் பார்க்காமல். முதல் வாரம் 'முன்'னில் நாற்பது, முப்பத்திரண்டு என்று எழுதினாள். அடுத்த வாரம் பதினொன்று. மூன்றாம் வாரத்தில் ஒரு நாள் இரண்டு. அதில் ஒன்று பழசு, மழையில் அடித்துக்கொண்டு வந்தது.

ஆம்புலன்ஸ் டிரைவர் மட்டும் பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு வந்தார். "கேட்டைத் தாண்டி, ரோட்டைத் தாண்டி, மரத்தடிக்குப் போகணும். போயிட்டு வர ஐந்நூறு அடி. பத்து பிடிச்சிட்டிருந்தவன் நாலுக்கு வந்துட்டேன். உன்னால என் பேன்ட் லூசாயிடுச்சு."

"நல்லதுதானேண்ணே."

"என்ன நல்லது? என் பொண்டாட்டி உன்னைப் பாக்கணும்கறா. கும்பிடறதுக்கு."

ஜன்னல் இரவும் பகலும் திறந்திருந்தது. ஒன்பது நாள் இருமல் பிடிக்கவில்லை. பத்தாம் நாள் நடக்கவிட்டார்கள். எக்ஸ்ரே ஆறு மணிக்கே வேலையை முடித்துவிட்டு மேலே வந்து சுவரோரம் நின்றாள். நர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து "நடங்க" என்றாள்.

முதல் நிமிடம் சரி. இரண்டாவது நிமிடம் அக்கா சுவரைத் தொட்டாள், உடனே கையை எடுத்துவிட்டாள். மூன்றாவதில் உதடு வெளுத்தது. எக்ஸ்ரே தன் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது அவளுக்கே தெரியவில்லை. நான்காவதில் அக்கா அவளைக் கடந்து போகும்போது சொன்னாள்: "ஏண்டி, முதலாளி மாதிரி நிக்கற, அந்தக் கிழவி கட்டிலுக்குக் கீழ பஞ்சு கிடக்கு, காலையிலேர்ந்து கிடக்கு, உன் கண்ணுக்குத் தெரியலையா, உன்னையா எக்ஸ்ரேங்கறாங்க?"

"பேசாம நடங்கம்மா" என்றாள் நர்ஸ்.

"அவகிட்ட பேசாம எப்படி நடக்கறது?"

அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது. எக்ஸ்ரே மனதுக்குள் சொற்களை எண்ணிப் பார்க்க முயன்று, பாதியில் விட்டுவிட்டாள்.

ஐந்து. நர்ஸ் விரல் கிளிப்பை எட்டிப் பார்த்தாள், தலையாட்டினாள். ஆறு.

"போதும்மா, நில்லுங்க. முடிஞ்சுது."

அக்கா நிற்கவில்லை. "அந்தக் கோடு வரைக்கும் போயிட்டு வர்றேன், இரு" என்று சொல்லிக்கொண்டே போனாள். கோட்டை மிதித்தாள். திரும்பினாள். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்து குரல் வந்தது, நூற்பாலையின் கடைசி வரிசைக்குக் கேட்ட அதே குரல் இல்லை, ஆனாலும் முப்பது கட்டிலும் திரும்பிப் பார்த்தன.

"நீ எதுக்குடி இப்ப அழற? போய் என் துணியை மடி."

எக்ஸ்ரே மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். முதலில் கிழவியின் கட்டிலுக்குக் கீழே குனிந்து பஞ்சை எடுத்தாள். பிறகு புடவைகளை மடித்துப் பையில் வைத்தாள்.