ரேடியோவைப் பூட்டிய விரல் என்னுடையது

தேவசகாயத்துக்குக் கிடைக்கவிருந்த நிரந்தர வேலையைக் கெடுத்தவன் நான். ஒரு பொய் சொல்லிக் கெடுத்தேன். இத்தனை வருடம் மறைத்துவிட்டு இன்று உங்களிடம் சொல்கிறேன்.

சொல்பவன் யார் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். திருவொற்றியூரில், மழை பெய்தால் முழங்கால் தண்ணீர் நிற்கிற பள்ளத்தில், சாம்பலும் செங்கல் உடைசலும் கொட்டி மேடாக்கி ஷெட் போட்டவன். சொல்லிக்கொடுக்க ஆளில்லாமல், பழைய செல்ஃப் மோட்டாரைப் பிரித்துப் பிரித்துக் காயில் கட்டக் கற்றவன். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லரில் விளக்கு எரியவில்லையென்றால் என் வாசலில்தான் வந்து நிற்க வேண்டும் என்று ஆக்கியவன். இங்கிலீஷில் ஓர் எழுத்து வராது. ஆனால் ஒயரின் நிறத்தைப் பார்த்தே வண்டியின் வியாதியைச் சொல்வேன். ஷெட்டுக்குப் பின்னால் மாடி வீடு, பட்டம் வாங்கிய இரண்டு பிள்ளைகள்... எல்லாம் நானே!

பெருமை பேசுகிறேன் என்கிறீர்களா? பேசத்தான் செய்வேன். உழைத்தவன் பேசாமல் யார் பேசுவது?

ஆனால் இந்த ஒன்றை மட்டும் பேசாமல் விட்டேனே... ஏன்?

தேவசகாயம் ராயபுரத்துக்காரன். என் ஷெட்டில் பதினெட்டு வருடம் எலக்ட்ரீஷியன். என்னைவிட வயதில் இளையவன், படிப்பில் பெரியவன். பத்தாவது தேறியவன். வண்டியோடு வரும் இங்கிலீஷ் புத்தகத்தை எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடுவான்.

எண்ணூரில் புதுத் துறைமுகம் வந்த சமயம் அது. அங்கே சரக்கு ஏற்றி இறக்கும் கம்பெனி ஒன்றின் மேனேஜர் ராமநாதன், தம் காரை எங்களிடம் விடுவது வழக்கம். கம்பெனி வண்டிகளைப் பார்த்துக்கொள்ள நிரந்தரமாக ஓர் எலக்ட்ரீஷியன் வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம், பி.எஃப்., யூனிஃபார்ம் எல்லாம் உண்டு. தேவாவின் கைவேலை அவருக்குப் பிடித்துவிட்டது. "ஆயுத பூஜை முடியட்டும், ஆர்டர் வாங்கித் தர்றேன்" என்று என் எதிரிலேயே சொன்னார். தேவா அன்றே மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தான். வீட்டில் இரண்டு பெண்கள். தினக்கூலிக்காரன் வீடு என்ற சொல் போய்விடும் அல்லவா?

நானும் சிரித்து, தோளில் தட்டினேன். தட்டிக்கொண்டே கணக்குப் போட்டேன். இவன் போய்விட்டால்... யார் எனக்கு அந்தப் புத்தகங்களை வாசிப்பது?

ஆயுத பூஜைக்கு என் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. நான் ஏற்படுத்தியது. நிற்கிற வண்டி ஒவ்வொன்றிலும் பேட்டரி ஒயரைக் கழற்றி, முனையில் சந்தனம் வைத்து, மறுநாள் வரை அப்படியே விடுவோம். அன்று ஒரு நாள் எந்த வண்டியிலும் கரண்டு ஓடக் கூடாது. இரும்புக்கும் ஓய்வு வேண்டும் என்பது என் கணக்கு.

அந்த வருடம் ராமநாதனின் காரும் ஷெட்டில் நின்றது. கண்ணாடி இறக்கி ஏற்றும் மோட்டார் வேலைக்காக விட்டிருந்தார். வெளிநாட்டுக் கார். சாவி கொடுக்கும்போதே தேவாவிடம் எச்சரித்திருந்தார்: பேட்டரியைக் கழற்றினால் ரேடியோ பூட்டிக்கொள்ளும், திறக்க நான்கு இலக்க ரகசிய எண் வேண்டும், அது எழுதிய அட்டை தம்மிடம் இல்லை.

நான் ஸ்பேனரோடு அந்தக் காரின் பக்கம் போனதும் தேவா ஓடி வந்தான்.

"மொதலாளி, இத்த வுட்ரு. கரண்டு பூட்ச்சின்னா ரேடியோ லாக் ஆயிடும். சாரு சொல்லிகீறாரு."

"சாமி முன்னாடி இன்னாடா ஃபாரின் வண்டி, லோக்கல் வண்டி?"

"சாமி கோச்சுக்காது நைனா. சாருதான் கோச்சுக்குவாரு."

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்துவிட்டார்கள். என் ஷெட்டில், என்னைப் பார்த்து! விடுவேனா? பத்தாம் நம்பர் ஸ்பேனரைப் போட்டு நானே கழற்றினேன். சந்தனமும் நானே வைத்தேன். தேவா தலையில் கைவைத்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் ஒயரை மாட்டினேன். ரேடியோவில் வெளிச்சம் வந்தது, பாட்டு வரவில்லை. நான்கு இங்கிலீஷ் எழுத்து மின்னிக்கொண்டிருந்தது. "நான் வர்ற வரைக்கும் தொடாத மொதலாளி" என்று சொல்லிவிட்டு, தேவா சாமான் வாங்கப் புதுப்பேட்டைக்குப் போயிருந்தான்.

தொடாமல் இருக்க நான் யார்? எத்தனை செத்த வண்டிக்கு உயிர் கொடுத்தவன்! கையகலப் பெட்டி என்னை மிரட்டுவதா?

காரின் நம்பரைப் போட்டேன். இல்லை. ஷெட் டெலிபோனின் கடைசி நான்கு எண். இல்லை. என் ராசி எண். பெரிய பையன் பிறந்த வருடம். இல்லை, இல்லை! பக்கத்து டிங்கர் கடை காசிம் பாய் எட்டிப் பார்த்தார்.

"இன்னா நைனா, லாட்டரி நம்பரா குத்திகினு கீற?"

அந்தக் கோபத்தில் இன்னும் எத்தனை குத்தினேனோ... திடீரென்று எழுத்து மாறியது. அதன் பிறகு எந்தப் பொத்தானை அமுக்கினாலும் எண் நகரவில்லை.

அப்போதுதானா ராமநாதன் வந்து நிற்க வேண்டும்! அதே நேரத்தில்தானா தேவாவும் சாமான் பையோடு உள்ளே நுழைய வேண்டும்!

"யாருங்க பேட்டரியைக் கழட்டினது? அவ்வளவு தூரம் சொல்லிட்டுப் போனேனே!"

வாயைத் திறந்தேன். நானே எதிர்பார்க்காத அளவுக்குச் சரளமாக வந்தது.

"நம்ம தேவாதான் சார். கவனிக்காம கழட்டிட்டான். நம்பரையும் கண்டபடி அமுக்கி வெச்சிட்டான்."

தேவா என்னைப் பார்த்தான். நான் ரேடியோவைப் பார்த்தேன்.

"சொன்னதைக் கேட்காத ஆளை எப்படிங்க கம்பெனியில சேர்க்கிறது?" ராமநாதன் அவனிடம் கேட்கவில்லை, என்னிடம் கேட்டார். நான் தலையை ஆட்டினேன். ஆமாம்... ஆட்டினேன்!

இதோடு முடிந்ததா? கேளுங்கள்.

தேவா பையைக் கீழே வைத்தான். இரண்டு சைக்கிள் கம்பியை வளைத்து, ரேடியோவின் ஓரத்து ஓட்டைகளில் செருகி, பெட்டியை அலுங்காமல் வெளியே இழுத்தான். அதன் விலாவில் ஒட்டியிருந்த தயாரிப்பு எண்ணை எழுதி ராமநாதனிடம் கொடுத்தான். காரின் ஆர்.சி. புத்தகத்தைக் காட்டி, இந்த எண்ணையும் கொடுத்தால் கார் விற்கிற கம்பெனியில் ரகசிய எண் சொல்வார்கள் என்றான். அவர் போய்க் கேட்டு, ரகசிய எண்ணை டெலிபோனில் சொன்னார். ஆனால் தப்பான எண்களை நான் போட்டுத் தள்ளியிருந்ததால் பெட்டி எதையும் ஏற்கவில்லை. ஒரு மணி நேரம் அணைக்காமல் வைத்திருந்தால்தான் மறுபடி எண் கேட்கும் என்று தேவா காரின் இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். பேட்டரி இறங்காமல் சார்ஜரை மாட்டிவிட்டு, கொதிக்கிற காருக்குள் அந்த ஒரு மணி நேரமும் உட்கார்ந்திருந்தான். பிறகு ஒவ்வொரு பொத்தானாக நிதானமாக அமுக்கினான்.

பாடியது!

மாலையில் ராமநாதன் வந்தபோது தேவா பின்பக்கம் கை கழுவிக்கொண்டிருந்தான். நான் சத்தத்தைக் கூட்டிவைத்து, "உட்கார்ந்து எடுத்துட்டேன் சார்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அன்றிலிருந்து நான் ரேடியோவுக்கு 'கோட்', அதாவது ரகசிய எண், எடுக்கிற பெரியவர்! எம்.கே.பி. நகரிலிருந்தெல்லாம் பூட்டிய ரேடியோவோடு வந்தார்கள். எடுத்தது தேவா. பெயர் எனக்கு. எண்ணூர் வேலைக்கு வேறு யாரோ போனான்.

"ஏண்டா அன்னிக்கி வாயத் தொறக்கல?" என்று ஒருமுறை கேட்டேன்.

"தொறந்தா இந்த வேலையும் பூடும்."

அவ்வளவுதான் சொன்னான். மேலும் ஐந்து வருடம் என்னிடமே உழைத்தான்.

நான் பயந்து பொய் சொன்னேனா? அல்லது அவன் போகக் கூடாதென்று சொன்னேனா? நூறு முறை கேட்டுவிட்டேன். முதலாவது என்று சொல்லிக்கொள்ளத்தான் ஆசை...

போன மாதம் ராயபுரத்தில் அவன் வீட்டுக்குப் போயிருந்தேன். மிக்ஸியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான். மூத்த மகள் ஸ்டெல்லா சீண்டினாள்.

"டாடி, பாத்து. ரேடியோவ பூட்டி வேலைய உட்டா மாதிரி இத்தயும் பூட்டிடப் போற."

சின்னவளும் சிரித்தாள். பழகிப்போன சிரிப்பு. இத்தனை வருடம் அந்த வீட்டில் இதுதான் வேடிக்கையா? எனக்குத் தாங்கவில்லை.

"ஸ்டெல்லா, அன்னிக்கி பேட்டரிய கழட்னவன் நானு. நம்பர அமுக்குனதும் நானு. உங்கப்பன் மேல பழிய போட்டுட்டேன்."

அவள் கண் கலங்கியது. ஆனால் எதற்கு?

"எங்க டாடி மனசு நோவக் கூடாதுன்னு உங்க மேல போட்டுக்கிறீங்க பாருங்க... பெரிய மனசு அங்கிள் உங்களுக்கு!"

"இல்லம்மா, நெஜமாத்தான்! தேவா, நீயே சொல்லுடா."

தேவா மிக்ஸியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரேடியோவ தொறந்தது நீன்னு சொல்லிகினே. இப்ப பூட்டுனதும் நீயா? அல்லாத்தையும் நீயே எடுத்துக்கினா எனுக்கு இன்னா மொதலாளி மிச்சம்?"

பெண்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை. திருகாணியை முடுக்கிக்கொண்டே இருந்தான். ஸ்டெல்லா எனக்கு டீ போட எழுந்து போனாள்.

பாருங்கள், இது அநியாயம்! வாழ்நாளெல்லாம் எது சொன்னாலும் நம்பினார்கள். உண்மையைச் சொன்ன அன்று ஒருவரும் நம்பவில்லை. அந்தப் பழியைக்கூட அவன் எனக்குத் தர மறுக்கிறான். சரி, நீங்கள் தாருங்கள். பேட்டரியைக் கழற்றியவன் நான். எண்களைக் குத்தியவன் நான். எண்ணூர் வேலையைக் கெடுத்தவன் நான். இதில் தேவசகாயத்துக்கு ஓர் அணுவும் பங்கில்லை. என் பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்!