படர்தாமரைக்கு என்ன சமைப்பது

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் இருந்த காலத்தில் நான் அவர்களுக்குத் துபாஷியாக இருந்தேன். துணி விற்க வருகிறவர்களின் தமிழையும் தெலுங்கையும் ஒல்லாந்தர் பேச்சில் சொல்ல வேண்டும். அவர்கள் சொல்வதை இவர்களுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். மீன் பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளைக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். கோட்டைச் சமையற்கட்டுக்கு மீன் கொண்டுபோய், அங்கே திட்டு வாங்கி வாங்கியே அந்த மொழியைக் கற்றுக்கொண்டேன். அதனால் எனக்கு முதலில் தெரிந்த ஒல்லாந்துச் சொற்கள் எதுவும் நாலு பேர் முன்னால் சொல்லத்தக்கவை அல்ல.

வேலை நிலைத்ததும் துணிக்கிடங்குத் துரை எனக்கு ஒரு காற்சட்டை பரிசளித்தார். முழங்கால் வரை வரும். கறுப்புக் கம்பளித் துணி. அவருடைய ஊர்ப் பனிக்காகத் தைத்தது. எங்கள் ஊரில் வேறு எவனிடமும் காற்சட்டை இல்லை என்பதால் அதை நான் சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை. எங்கள் ஊரான தோணிரேவிலிருந்து ஏரி வழியாகத் தோணியில் வருவேன். கோட்டைக்கு எதிரே தொடையளவு தண்ணீரில் இறங்கி நடப்பேன். நனைந்த கம்பளியோடு பொழுது சாயும்வரை கிடங்கில் உட்கார்ந்திருப்பேன். மறுநாள் அது காயும் முன்பே மறுபடி மாட்டிக்கொள்வேன்.

இடுப்பில் காசளவு ஒரு வட்டம் வந்தது. ஓரம் சிவந்து, நடுவில் வெளுத்திருந்தது. அது வெற்றிலையளவு ஆனதும் பக்கத்தில் இன்னொன்று வந்தது. பிறகு தொடை இடுக்கில் குடியேறிக் கிளை விட்டது. என் மனைவி பார்த்துவிட்டு, "இது படர்தாமரை. அந்தக் கருமத்த கழட்டிப் போடுய்யா," என்றாள்.

"தொரை குடுத்தது," என்றேன்.

"இதுவும் தொரை குடுத்ததுதான்," என்று வட்டத்தைக் காட்டினாள்.

கிடங்கில் நான் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். உள்நாட்டிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர் விலை சொன்னார். அந்த நேரம் பார்த்து எனக்கு இடப்பக்கம் அரித்தது. சொறிந்தேன். அவர் என் கையையே பார்த்தார். பிறகு தானாகவே விலையைக் குறைத்தார். வலப்பக்கம் சொறிந்தேன். இன்னும் குறைத்தார். துரைக்கு ஒரே பூரிப்பு. பேரம் முடிந்ததும் வியாபாரி என்னை ஒதுக்குப்புறமாக அழைத்துப்போனார்.

"எடது பக்கம் சொறிஞ்சா இன்னா அர்த்தம், வலது பக்கம் சொறிஞ்சா இன்னா அர்த்தம்? அத்த மட்டும் சொல்லிடுபா."

"அரிப்புனு அர்த்தம்," என்றேன்.

"பெரிய ஆளுபா நீ," என்று முதுகில் தட்டிவிட்டுப் போனார். கடைசிவரை அவர் நம்பவில்லை.

இனித் தாங்காது என்று காட்டூரிலிருந்து வைத்தியரை வரவழைத்தோம். அவர் வயல்பக்கத்து மனிதர். எங்கள் தெருவுக்குள் நுழையும்போதே மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். கப்பலில் வந்து கோட்டைத் தோட்டத்தில் பெருகியிருந்த ஒரு செடியின் இலையை எலுமிச்சைச் சாற்றில் அரைத்துப் பூசச் சொன்னார். அந்தச் செடியைச் சீமையகத்தி என்பார்கள். அதுவரை நல்ல வைத்தியம்தான். அதன் பிறகுதான் பத்தியம் சொன்னார்.

"மீனு கூடாது. நண்டு கூடாது. எறா கூடாது. முட்டை, கத்திரிக்கா, புளி, உப்பு கூடாது. கருவாட்டு வாசனையே கூடாது."

"வைத்தியரே, எங்க ஊருல காத்தே கருவாடுதான்."

"அப்போ காத்தக் கொறைச்சிக்கோ," என்றார்.

உப்பில்லாத கஞ்சி குடித்து நாட்களை ஓட்டினேன். வீட்டைச் சுற்றி எல்லா அடுப்பிலும் மீன் கொதித்தது. என்னைப் பெற்ற நைனாவுக்கு அந்தச் சமயம் பார்த்து ஏரியில் மடவை மீன் அள்ளி அள்ளிக் கிடைத்தது. என் எதிரே உட்கார்ந்து குழம்பு ஊற்றிச் சாப்பிடுவார். நடுவில் ஒரு முள்ளை எடுத்துக் காட்டி, "இன்னிக்கு ஒண்ணும் ருசியில்லடா, வெறும் முள்ளு," என்பார். ஆறுதல் சொல்வதாக அவருக்கு நினைப்பு. விரல்களை மட்டும் கடைசிவரை நக்குவார்.

நான் இளைத்தேன். வட்டங்கள் இளைக்கவில்லை. பசியில் தூக்கம் வரவில்லை. தூக்கம் வராததால் சொறிந்தேன். சொறிந்த இடம் புண்ணாயிற்று. காற்சட்டை இடுப்பில் நிற்காமல் வலைக்கயிற்றால் இழுத்துக் கட்டினேன். ஒருநாள் காலை கோட்டைக்கு எதிரே தோணியிலிருந்து இறங்கியவன் கண் இருட்டி அப்படியே குப்புற விழுந்தேன். காவலுக்கு நின்ற இரண்டு சிப்பாய்கள் வந்து அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். நான் மேலே வந்தேன். காற்சட்டை சேற்றிலேயே தங்கிவிட்டது. மீன் வாங்க வந்திருந்தவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

சிப்பாய்கள் என்னை ஒரு சாக்கால் சுற்றிக் கோட்டையின் ஒல்லாந்து ரணவைத்தியரிடம் கொண்டுபோய் விட்டார்கள். அவர் பெரிய உடம்புக்காரர். சிவந்த முகம். அறையெங்கும் புளித்த காடியும் சாராயமும் மணந்தன. என் வட்டங்களை மிகுந்த ஆவலோடு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருக்கும்போது அவருடைய இடக்கை மேசைக்கு அடியில் ஓயாமல் அசைந்தது. பாஷை தெரியாதவர்களின் கையைப் பார்த்தே அர்த்தம் சொல்லிப் பிழைக்கிறவன் நான். எனக்குப் புரிந்துவிட்டது.

"ஐயாவுக்கும் இருக்கிறதா?" என்று அவர் மொழியில் கேட்டேன்.

அவர் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். காலுறையை இறக்கிக் காட்டினார். என்னுடையது அவருடையதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெடிமருந்துக் கிடங்கிலிருந்து கந்தகம் எடுத்துப் பன்றிக்கொழுப்பில் குழைத்துப் பூசியிருந்தார். பீரங்கி போல மணந்தார். விளக்குக்குப் பக்கத்தில் உட்காரப் பயமாக இருக்கிறது என்றார்.

"யாரிடமும் சொல்லிவிடாதே. இந்தக் கோட்டைக்கு வைத்தியன் நான்தான். எனக்கே இது தீரவில்லை என்று தெரிந்தால் என்னிடம் எவன் வருவான்? உங்கள் ஊர் வைத்தியனை நான் பார்க்க வேண்டும்."

இப்படியாக, ஒரு காலைப் பொழுதில் எங்கள் வீட்டு வாசலில், பழுதுபார்க்கக் கவிழ்த்துப் போட்டிருந்த தோணியின் நிழலில், இரண்டு வைத்தியர்களும் சந்தித்தார்கள். நான் நடுவில் உட்கார்ந்தேன். என் மனைவி சற்றுத் தள்ளி மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

ரணவைத்தியருக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும். எல்லாம் மீன் இறங்கும் துறையில் கேட்டுப் பொறுக்கியது. காட்டூர் வைத்தியரைப் பார்த்ததும் மிகவும் மரியாதையாகத் தலை குனிந்து, "இன்னாபா, நல்லாக்கிறியா?" என்றார்.

வைத்தியர் என்னைப் பார்த்தார். "இவரு தொரையா, தோணி தள்றவரா?"

"தொரைதான். எங்க ஊருல கத்துக்கினாரு," என்றேன்.

கந்தக விஷயம் தெரிந்ததும் வைத்தியர் கொதித்துப்போனார். "பன்னிக் கொழுப்பப் பூசறவன்லாம் ஒரு வைத்தியன். கேளு அவன." நான் ரணவைத்தியத் துரையிடம், "உங்கள் மருந்து இவருக்குப் புதிதாக இருக்கிறதாம்," என்றேன். துரை, "இந்தக் கிழவன் என்னைத் தொடுவதற்கு முன்னால் கையைக் கழுவினானா என்று கேள்," என்றார். நான் வைத்தியரிடம், "உங்க கைராசியப் பத்தி கேக்கறாரு," என்றேன். வைத்தியர் கொஞ்சம் குளிர்ந்தார்.

பிறகு சாப்பாட்டுப் பேச்சு வந்தது. வைத்தியர் தம்முடைய பத்தியத்தை முதலிலிருந்து ஒப்பித்தார். துரைக்காக அதில் சாராயத்தையும் பாற்கட்டியையும் உப்புக்கண்டத்தையும் சேர்த்தார். துரைக்கும் ஒரு சாத்திரம் இருந்தது. உடம்பில் இரத்தம் சூடேறிக் கெட்டுப்போனதால் வருகிற நோய் இது. ஆகையால் மிளகு கூடாது, பூண்டு கூடாது, கீரை ஆட்டுக்கு உரியது, பழம் வயிற்றில் புளித்துப் புழுவாகும், அரிசியோ வெறும் ஈரம். நான் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிச் சொன்னதில் கழுத்து வலித்தது. உலகத்தில் விளைகிற பொருள் ஒவ்வொன்றும் என் வாய் வழியாகவே தடையாகிக்கொண்டிருந்தது.

என் மனைவி கத்தியைக் கீழே வைத்தாள்.

"இந்தாய்யா, துன்னக் கூடாதது போதும். இன்னா துன்னலாம்னு கேளு."

கேட்டேன். இரண்டு பேரும் கூடாததையே மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.

"தண்ணியாவது குடிக்கலாமா?" என்றாள்.

தண்ணீர் ஆபத்தானது, தம் ஊரில் குழந்தைகள்கூட வாற்கோதுமைக் கள்தான் குடிக்கும் என்றார் துரை. கள் என்ற பேச்சே வாயில் வரக்கூடாது என்றார் வைத்தியர்.

"ரெண்டு பேரு சொல்றதையும் கேட்டா, கடைசில படர்தாமரை மட்டுந்தான் உசுரோட இருக்கும்," என்றாள். "இவரு எலும்ப எண்ணிப் பாருங்க. சோறில்லாத ஒடம்புல புது தோலு எங்கேர்ந்து வரும்? எதையாவது விட்டுக்குடுங்க. சமைக்கறது நானு."

இதை அப்படியே, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் துரையிடம் சொன்னேன். அவர் தம் தொடையைச் சொறிந்தபடி யோசித்தார். வைத்தியர் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பழகிய வேலை. துணிக்கிடங்கில் பேரம் முடிப்பதுபோல முடித்தேன்.

"வைத்தியரே, மீனுல ஒண்ணு விட்டுக்குடுங்க. தொரை கீரைய விட்டுத்தருவாரு."

"கிழங்கான் மீனு வேணா துன்னட்டும். புள்ள பெத்தவளுக்கே குடுக்கறோம்," என்றார் வைத்தியர்.

துரை முருங்கைக்கீரைக்கு இறங்கி வந்தார். அதற்கு ஈடாக அவித்த முட்டையைக் கேட்டு வாங்கினார். துரை தடுத்த பூண்டையும் மிளகையும் வைத்தியர் கேட்டு வாங்கினார். உப்பு பாதியில் நின்றது. பாசிப்பயறு, மோர், கேழ்வரகுக் களி மூன்றையும் என் மனைவி யாரையும் கேட்காமல் சேர்த்துக்கொண்டாள். வெல்லமும் சாராயமும் இல்லை. "ஞாயிற்றுக்கிழமை மட்டும்?" என்று துரை தாழ்ந்த குரலில் கேட்டார். நான் மொழிபெயர்க்கும் முன்பே வைத்தியர் மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். அந்த முகத்தைப் புரிந்துகொள்ளத் துபாஷி தேவையில்லை.

இரண்டு பேரும் சண்டையில்லாமல் ஒத்துப்போனது ஒரே விஷயத்தில்தான். ஈரத்துணி உடம்பில் இருக்கக் கூடாது. என் மனைவி அன்றைக்கே என் துணி எல்லாவற்றையும் உவர்மண் போட்டு வேகவைத்து மணலில் விரித்தாள். சேற்றிலிருந்து மீண்ட காற்சட்டையை ஒரு குச்சியால் தூக்கி அடுப்பில் வைத்தாள். நான் விறகைத் தள்ளிக்கொடுத்தேன்.

முதல் நாள் கிழங்கானைப் பூண்டும் மிளகும் மஞ்சளும் போட்டுத் தண்ணீராகக் கொதிக்கவைத்திருந்தாள். வெள்ளைச் சதை முள்ளைவிட்டுத் தானாகக் கழன்றது. முருங்கைக்கீரையில் பாசிப்பயறு மலர்ந்திருந்தது. களியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்ததும் என் கண்ணில் நீர் வந்தது.

"இன்னாய்யா?"

"மொளகு ஜாஸ்தி," என்றேன். அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இன்னும் இரண்டு மீனை எடுத்து வைத்தாள்.

கோட்டைச் சமையல்காரனுக்கு இதெல்லாம் சமைக்கத் தெரியாது. அதனால் ரணவைத்தியரும் மதியம்தோறும் தோணியில் எங்கள் வீட்டுக்கு வரலானார். கம்பளிக் காலுறையோடு பந்தியில் உட்காரக் கூடாது என்று என் மனைவி முதல் நாளே சொல்லிவிட்டாள். எங்கள் வீட்டில் அவருக்கென்று ஒரு வேட்டி கொடியில் தொங்கியது. காற்று உள்ளே போய்வந்ததும் அவர் முகமே மாறியது. "உங்கள் ஜனங்கள் இத்தனை காலம் இதை எங்களிடம் சொல்லாமல் வைத்திருந்தீர்களே," என்று என்னைக் கோபித்துக்கொண்டார். வேட்டி அடிக்கடி அவிழும். அந்தச் சமயங்களில் நைனா வானத்தைப் பார்த்துக் காற்று எந்தப் பக்கம் என்று யோசிப்பார்.

ஒருநாள் துரை உட்கார்ந்ததும் என் மனைவி மூக்கைச் சுளித்தாள். "தொரை, சட்டைப் பையில இன்னா?"

அவர் சின்னப் பிள்ளைபோல ஒரு துண்டுப் பாற்கட்டியை எடுத்து நீட்டினார். அவள் அதைப் பூனைக்குப் போட்டாள். பூனை முகர்ந்து பார்த்துவிட்டுக் கருவாட்டுப் பக்கம் போய்விட்டது. துரைக்கு அது பெரிய அவமானமாகப் போயிற்று. பிறகு அவர் கொண்டுவரவில்லை.

வட்டங்களின் சிவப்பு முதலில் அடங்கியது. பிறகு செதில் உதிர்வது நின்றது. கடைசியில் வாழைப்பழத் தோலின் கறைபோல மங்கலான அடையாளம் மட்டும் தங்கியது. எது குணப்படுத்தியது என்பதில் இரண்டு வைத்தியர்களுக்கும் சண்டை ஓயவில்லை. இலைதான் என்றார் ஒருவர். இரத்தம் தானே தணிந்தது என்றார் மற்றவர். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: இலையைப் பத்தியக் காலத்திலும் பூசிக்கொண்டுதான் இருந்தேன். வயிறு நிறைந்தபின் தூங்கினேன். தூங்கியபோது சொறியவில்லை. சொறியாத இடத்தில், காய்ந்த துணிக்கடியில், இலை தன் வேலையைச் செய்தது.

எனக்கு ஆறிய பிறகும் துரை மதியம் தவறாமல் வந்தார்.

"இன்னும் அரிக்குதா தொரை?" என்று என் மனைவி கேட்டாள்.

"அரிக்குதுபா," என்று முழங்கையைக் காட்டினார்.

"நேத்து முதுகுன்னீங்க."

"அது இங்க வந்துகிச்சு."

"அப்போ வைத்தியரக் கூப்பிட்டு மறுபடியும் பேசணும்."

துரை சாப்பாட்டு இலையில் மிச்சமிருந்த களியை ஓரமாகத் தள்ளினார்.

"நோவு இருந்தாத்தான் சோறுன்னு யாரு சொன்னா? சும்மா வந்து துன்னுட்டுப் போங்க," என்றாள் அவள்.

அவர் என் பக்கம் திரும்பி, தம் மொழியில், மிகவும் கௌரவமாக, "எனக்குப் பூரண குணமாகிவிட்டது என்று அம்மாளிடம் தெரிவி," என்றார். தெரிவித்தேன். அவள் இன்னொரு கரண்டி களி வைத்தாள்.

மறுநாள் வரும்போது ஒரு சிறு பை நிறைய ஜாதிக்காய் கொண்டுவந்தார். கிழக்குத் தீவில் அவர்கள் கட்டிய பத்தாவியாவிலிருந்து கப்பலில் வந்தது என்றார். எதில் போடுவது என்று அவள் கேட்டாள். "எல்லாத்துலயும்," என்றார் துரை. அவருடைய ஊரில் அப்படித்தானாம். விருந்தாளி மனம் நோகக் கூடாது என்று அன்றைய மீன் குழம்பில் கொஞ்சம் சீவிப் போட்டாள். ஏரியிலிருந்து அப்போதுதான் வந்த நைனா கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டார். நிறுத்தினார். எங்கள் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இப்போ யாருக்கு ஒடம்பு செரியில்ல?" என்று கேட்டார்.