ராகு காலத் தட்டில் காத்திருந்த முகூர்த்தப் புடவை

முகூர்த்தப் பட்டு எடுக்க மதுரைக்குக் கிளம்புகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். எந்தக் கடையில் என்ன விலை என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்லப்போவது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை, காலை ஏழு நாற்பதிலிருந்து மாலை நாலே கால் வரை என்னை ஆட்டிவைத்த கதை.

என் தம்பி கார்த்திக்கு ஏற்கெனவே ஒரு இடத்தில் பேசி, பத்திரிகை அடித்து, முகூர்த்தப் புடவையும் எடுத்த பிறகு கல்யாணம் நின்றுபோனது. பெண் வீட்டார் சொன்ன காரணம் வேறு. அம்மா கண்டுபிடித்த காரணம், புடவைக்கு ராகு காலத்தில் பில் போட்டுவிட்டோம் என்பது. இரண்டு வருஷமாக அதைச் சொல்லிப் புலம்பாத நாள் இல்லை. இப்போது திருநகரில் நந்தினி என்ற பெண்ணைப் பேசி முடித்திருந்தோம். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஆனால் கிளம்புவதற்கு முந்தின நாளே அம்மா என்னிடம் சொல்லிவிட்டாள்: "ஒரே ஒரு சகுனத்தடை வந்தாலும் நான் இத்தோட விட்டுருவேன், சொல்லிப்புட்டேன்." அம்மா சும்மா சொல்கிற ஆள் இல்லை.

கார்த்தியின் அக்காவான நான் இருப்பது ஓசூரில், ஒரு தொழிற்சாலையில் தரப் பரிசோதனை வேலை. பெட்டியைப் பிரித்துப் பார்க்காமல் எதையும் நம்பாதே என்பதுதான் எனக்குச் சம்பளம் கொடுக்கிற கொள்கை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

டி. கல்லுப்பட்டியில் அம்மா வீட்டிலிருந்து எனக்கும் அம்மாவுக்கும் காலை 7.40க்குப் பஸ். ஆளுக்கு நாற்பது ரூபாய். நின்றுகொண்டுதான் போனோம். திருமங்கலத்தில் பாதிக் கூட்டம் இறங்கியதும் அம்மாவுக்கு இடம் கிடைத்தது, அவள் உட்கார்ந்ததும் பஞ்சாங்கத்தை எடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமை ராகு காலம் பத்தரையிலிருந்து பன்னிரண்டு. அது தொடங்கும் முன் எடுத்துப் பில் போட்டுவிட வேண்டும் என்பது திட்டம். 9.15க்கு மதுரையில் இறங்கி, எண்பது ரூபாய்க்கு ஆட்டோ பிடித்து, 9.35க்குக் கடை வாசலில் நின்றோம். நந்தினியும் அவள் அம்மாவும் வந்து சேர்ந்தபோது மணி 9.55. திட்டம் அங்கேயே ஆட்டம் காண ஆரம்பித்தது.

கடை, கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் ஒன்றில் இருக்கிறது. பெயர் வேண்டாம். மூன்று தலைமுறைக் கடை, பழைய கட்டடம். கீழே பாத்திரமும் கடிகாரமும், முதல் மாடியில் வேட்டி சட்டை, இரண்டாம் மாடியில் பட்டு. லிஃப்டுக்கு இன்னமும் இழுத்துச் சாத்துகிற கம்பிக் கதவுதான், உள்ளே ஸ்டூல் போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். முட்டி வலி இருக்கிறவர்கள் தயங்காமல் ஏறலாம். பட்டுப் பிரிவில் செருப்பைக் கழற்றிவிட்டு, வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் உட்கார வேண்டும். எங்களுக்குப் புடவை காட்டியவர் பாண்டி அண்ணன், முப்பது வருஷமாக அங்கேயே இருக்கிறாராம். ஒரு புடவையை அவர் உதறி விரிப்பதைப் பார்க்கவே போகலாம்.

முப்பது நாற்பது புடவை பார்த்திருப்போம். மாம்பழ மஞ்சள் கரை வைத்த அரக்கு நிறப் புடவை ஒன்றை நந்தினி தோளில் போட்டதும் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையாட்டினோம். எனக்கு அப்பாடா என்று இருந்தது. கடிகாரத்தைப் பார்த்தேன், 10.50.

அம்மாவின் முகம் செத்துவிட்டது. பாண்டி அண்ணன் அதைப் பார்த்துச் சிரித்தார். இந்தக் கடையில் வெள்ளிக்கிழமை பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் பட்டுக்கு யாரும் பணம் கட்டுவதே இல்லையாம். சுவரோரம் நீளமாக ஒரு மரத்தட்டு இருக்கிறது. பிடித்த புடவையைச் சிவப்பு அட்டைப் பெட்டியில் போட்டு, மஞ்சள் கயிறு கட்டி, அதில் வரிசையாக வைத்துவிடுகிறார்கள். பன்னிரண்டு அடித்ததும் வரிசைப்படி பில். கடைக்காரர்கள் அதை ராகு காலத் தட்டு என்றே சொல்கிறார்கள். பெட்டி மேல் வாடிக்கையாளர் பெயரைப் பென்சிலில் எழுதுவது வழக்கம். அம்மா அதையும் தடுத்துவிட்டாள். போகிறவன் வருகிறவன் பெயரைப் படித்தால் கண் படுமாம். கட்டிய கயிற்றைத் திருப்பரங்குன்றத்தில் முருகன் சன்னதியில்தான் அவிழ்க்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டாள். "சரிம்மா, வரிசை எனக்கு ஞாபகம் இருக்கும். உங்களது நாலாவது" என்றார் பாண்டி அண்ணன்.

அந்த ஒரு மணி நேரத்தில் நான் கீழே போய்த் தண்ணீர் குடித்து, பாத்திரங்களைப் பார்த்து, திரும்பி வந்தேன். அம்மா அந்தத் தட்டுப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முந்தானையைச் சரிசெய்துகொண்டே மெத்தைக்கு வந்து உட்கார்ந்தாள். காவல் நிற்கிறாள் என்று நினைத்தேன்.

பன்னிரண்டு அடித்ததும் பாருங்கள், கடையே எழுந்து நின்றது. நாலாவது ஆளான எங்களுக்குப் பில் போட்டு, பணம் கட்டும் வரிசையில் நின்று, பெட்டியைக் கட்டைப் பையில் போட்டு வெளியே வர 12.25. பில் போடுகிற பெண் போன் நம்பர் கேட்டாள். அம்மா கொடுக்கவில்லை. "மெசேஜா அனுப்பி உசுர வாங்குவாங்க, ஒண்ணும் வேணாம்" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

திருப்பரங்குன்றம் அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது. போய்ச் சேர்ந்தபோது 1.05, நடை சாத்திவிட்டார்கள். இனி நாலு மணிக்குத்தான். அம்மா விரல் விட்டு எண்ணினாள்: மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம், ஆக நாலரைக்கு மேல்தான் சன்னதி. அதுவரை மூன்று கிலோமீட்டர் தள்ளி திருநகரில் நந்தினி வீட்டில் இருப்பது என்று முடிவானது. பெட்டி சாமி அறைக்குப் போனது. நாங்கள் சாப்பிட உட்கார்ந்தோம். நல்ல சாப்பாடு. எனக்குத்தான் இறங்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், சோற்றைப் பிசையும்போதெல்லாம் அந்தப் பெட்டிதான் ஞாபகம். கட்டியதை நான் பார்த்தேன், கொடுக்கும்போது பிரித்துப் பார்க்கவில்லையே? இரண்டு மணிக்கு அம்மா முன்னறையில் கண்ணயர்ந்தாள். நந்தினியின் அம்மா அடுப்படியில் இருந்தார். நான் சாமி அறைக்குள் போய், கயிற்றை ஓரமாக நகர்த்தி, மூடியை இரண்டு விரல் அளவு தூக்கினேன்.

உள்ளே மயில் கழுத்து நிறம்.

அரக்கு எங்கே, மயில் கழுத்து எங்கே. யாரோ ஒருத்தருடைய புடவையைச் சாமி அறையில் வைத்திருக்கிறோம். எங்கள் புடவை எந்த ஊரில், யார் கையில் இருக்கிறதோ? அம்மாவுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். தம்பி முகம் கண் முன்னால் வந்தது. முதல் கல்யாணம் நின்றபோது ஆறு மாதம் ஊருக்கே வராமல் சென்னையில் கிடந்தவன் அவன். இன்னொரு தடவை அவனால் தாங்க முடியாது.

பின்னால் நந்தினி நின்றுகொண்டிருந்தாள். பெட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மூடியை அழுத்தி, கயிற்றை இழுத்துவிட்டு, பெட்டியைப் பையில் போட்டாள். ஆணியில் தொங்கிய ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். அடுப்படிப் பக்கம் திரும்பி, "அம்மா, லைனிங் துணி எடுக்கணும், மதினியும் நானும் போயிட்டு வாரோம்" என்றாள். வாசலில் என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அத்தைக்குத் தெரிய வேணாம் மதினி. அவங்க பயந்துருவாங்க."

நிறுத்திவிடுவார்கள் என்று அவள் சொல்லவில்லை, பயந்துவிடுவார்கள் என்றாள். இரண்டு வருஷமாக அம்மாவைப் பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது சுருக்கென்று பட்டது.

திருநகரிலிருந்து கடைக்கு பதினொரு கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிஷம். வெயில் மண்டையைப் பிளந்தது. வழி முழுக்க நான் முருகா முருகா என்றுதான் வந்தேன். ஒருவேளை எடுத்துப்போனவர்கள் வெளியூராக இருந்தால்? வந்து கேட்காமலே இருந்துவிட்டால்? நான் கேட்கக் கேட்க நந்தினி வண்டியின் வேகத்தைக் கூட்டினாள். கடை வீதியில் வண்டி நிறுத்தப் பத்து ரூபாய். சில்லறை வாங்கக்கூட நான் நிற்கவில்லை.

இரண்டாம் மாடியில் மெத்தை ஓரம் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், மடியில் சிவப்புப் பெட்டியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள். இருவரும் சௌராஷ்டிர மொழியில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள், எங்கள் பையைக் கண்டதும் பேச்சு நின்றது. பன்னிரண்டே முக்காலிலிருந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சாப்பிடவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் அந்தப் பெண்ணுக்கு நிச்சயதார்த்தமாம், ஐந்து மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள்.

"வீட்டு வாசல்ல வண்டிய விட்டு எறங்கும்போதுதான் நான் பெட்டியத் தூக்குனேன். தூக்குனதுமே தெரிஞ்சிருச்சும்மா. எங்க புடவை இம்புட்டு கனம் இல்ல. பட்டுலயே பொறந்து வளந்தவன், கைக்குத் தெரியாதா?" என்றார். பிரித்தீர்களா என்று கேட்டேன். மூடியை மட்டும் திறந்து நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிட்டாராம். இன்னொரு வீட்டு முகூர்த்தப் புடவையில் கை வைக்கக் கூடாது என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. எங்கள் போன் நம்பர் இருந்திருந்தால் அந்த மனுஷன் ஒரு மணிக்கே வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

பெட்டிகள் கை மாறின. பாண்டி அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "இவுகளோடது மொதல் பெட்டி, மாறாதுன்னு பேர் எழுதல. உங்களோடது நாலாவது. முப்பது வருசத்துல எனக்கு வரிசை மாறுனதில்லம்மா." அவருக்கு அவமானமாக இருந்தது, பாவம். படி இறங்கும்போது நந்தினி என் காதோடு சொன்னாள்: என் அம்மாதான் மாற்றி வைத்தது. எங்கள் பெட்டி தெற்கு ஓரத்தில் இருந்ததாம், அது எமன் திசையாம். முதல் பெட்டியை எடுத்து எங்கள் இடத்தில் வைத்துவிட்டு, எங்களதை வடக்கு ஓரத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாள். பார்த்தும் ஏன் சொல்லவில்லை என்றேன். வரிசைதான் கணக்கு என்பது அவள் காதில் விழவில்லை, பெயர் எழுதியிருப்பார்கள் என்று நினைத்தாளாம். நான் திரும்ப மேலே ஓடி, தப்பு எங்கள் வீட்டு மேல்தான் என்று பாண்டி அண்ணனிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திருநகர் வந்தபோது 3.45. அம்மா கேட் அருகில் கைப்பையோடு நின்றாள். நந்தினியின் கையிலிருந்த பையைப் பார்த்தாள், "கிளம்புவோம்" என்றாள். நாலு பேரும் ஆட்டோவில் ஏறினோம். 4.05க்குச் சன்னதித் தெருவில் இறங்கியதும் அம்மா படியேற ஆரம்பித்தாள்.

"அம்மா, எமகண்டம் நாலரை வரைக்கும் இருக்கு" என்று நான்தான் ஞாபகப்படுத்தினேன்.

அம்மா நின்றாள். நந்தினியின் அம்மா பூக்கடைப் பக்கம் போகும் வரை பொறுத்திருந்து சொன்னாள்: "நீங்க போனதுமே சாமி ரூம எட்டிப் பாத்தேன். பெட்டி இல்ல. சம்பந்தியம்மா மூணு தடவை காப்பி வேணுமான்னு கேட்டாக. சிரிச்சுச் சிரிச்சுப் பேசிக்கிட்டு, வாசலயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அதவிடவா ஒரு எமகண்டம்? வாங்க."

பிறகு நந்தினியின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். பெட்டியைத் தட்டில் வைத்துக் கயிற்றை அவிழ்த்தபோது மணி 4.15. அரக்கு, மாம்பழ மஞ்சள் கரை. நான் தூணில் சாய்ந்துவிட்டேன்.

போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை போனால் ஒன்பதரைக்கே உள்ளே நுழையுங்கள், அல்லது பன்னிரண்டரைக்கு மேல் நிதானமாகப் போங்கள். போன் நம்பரைக் கொடுத்துவிடுங்கள், நாலு மெசேஜ் வந்தால் ஒன்றும் ஆகிவிடாது. பெட்டி மேல் பெயர் எழுதட்டும். தட்டில் இருப்பதைத் தொடாதீர்கள், திசை எதுவானாலும். திருப்பரங்குன்றத்தில் மதிய நடை சாத்தும் நேரத்தை முன்னாலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். கடையை நான் குறை சொல்லவில்லை, அடுத்த விசேஷத்துக்கும் பாண்டி அண்ணனிடம்தான் போவேன்.

கல்யாணம் நடந்தது. மேடையில் புடவைத் தட்டைக் கொடுக்கும்போது அம்மா நந்தினியின் காதில் ஏதோ சொன்னாள், அவள் சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டாள். என்னவென்று அப்புறம் கேட்டேன்.

"தொறந்து பாத்துட்டியான்னு கேட்டாங்க மதினி."