அடுத்த வாரம் விச்சித்

மின்விசிறியின் பின்மூடியைக் கழற்றி, நான்கு திருகாணிகளையும் பழைய மீன் டப்பாவில் போட்டுவிட்டு, விச்சித் எதிர்க்கடைக்குக் கிளம்பினார். அங்கே நூடுல்ஸ் விற்கும் சம்லியின் அடுப்பில் தீ மஞ்சளாக எரிவதை இங்கிருந்தே பார்த்துவிட்டார். யாரும் கூப்பிடவில்லை. கால் மணி நேரத்தில் தீ நீலமானது, ஒரு கிண்ணம் நூடுல்ஸ் கிடைத்தது, பேச்சு வளர்ந்தது. விசிறி வயிற்றைத் திறந்தபடி மேசையில் கிடந்தது. அது அப்படிக் கிடந்து பதினோரு நாளாகிறது.

நக்கோன் சவான் நகரச் சந்தையின் பின்தெருவில் அவருக்கு 'அடுத்த வாரம் விச்சித்' என்றுதான் பெயர். அவருடைய ரிப்பேர் கடை அலமாரியில் விசிறிகளும் குக்கர்களும் இடுப்பில் சொந்தக்காரர் பெயரோடு வரிசையாக நிற்கும். பெயருக்கு உரியவர்களில் மூன்று பேர் செத்தே போய்விட்டார்கள். அந்த விசிறிகளைச் சரிசெய்து கோயிலுக்குக் கொடுத்துவிடலாம் என்றிருக்கிறார். அதுவும் அடுத்த வாரம்தான்.

"அண்ணே, என் பொண்ணுக்குப் பிரசவம் ஆகறதுக்குள்ள அந்தக் குக்கரைக் குடுத்துருங்க" என்பாள் சம்லி.

"இப்ப எத்தனை மாசம்?"

"ரெண்டு."

"அப்ப நேரம் கிடக்கே."

இப்படி ஒரு மனிதரை யாராலும் திட்டவும் முடியவில்லை. சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலை ஏழு மணிக்குக் கடை திறந்தால் கை ஓயாது. ஆனால் ஒரு வேலை எவ்வளவுக்கு எவ்வளவு மனசுக்கு நெருக்கமோ, அவ்வளவுக்கு அவ்வளவு தள்ளிப் போகும். "இதையெல்லாம் ஏனோதானோன்னு செய்யக் கூடாதுப்பா. நல்லா உக்காந்து செய்யணும்" என்பார். நல்லா உட்காருகிற அந்த நாள் மட்டும் வந்து தொலையாது.

அவர் நல்லா உட்கார்ந்து செய்ய நினைத்த காரியங்களில் தலையானது, காவி உடுத்துவது. மகன் பதினைந்து நாளாவது பிக்குவாக இருந்தால், அந்தக் காவியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டே தாய் சொர்க்கத்துக்குப் போய்விடுவாள் என்பது ஊர் நம்பிக்கை. தெருவில் எல்லா ஆண்களும் இருபது வயதிலேயே இதை முடித்துவிட்டுத்தான் பெண் பார்க்கப் போனார்கள். விச்சித், "பட்டாளத்துக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கறது முடியட்டும்மா" என்றார். பிறகு கல்யாணம் முடியட்டும் என்றார். பிறகு பிள்ளை. பிறகு வெள்ளம் வந்து கடையை வாரிக்கொண்டு போனது. ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

நடுவில் ஒரே ஒரு நாள் உடுத்தினார். அப்பாவின் சிதைக்கு முன்னால், வழக்கப்படி, காலையில் மொட்டையடித்து மாலையில் களைந்தது. அதை ஞாபகப்படுத்தினால் அம்மா புன்மீக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அது உங்கப்பனுக்குடா. அதுக்கு அவர் சாக வேண்டியிருந்துச்சு. எனக்கும் அப்படித்தானா?"

"என்னம்மா பேச்சு இது. இந்த மழைக்காலத்துக்குக் கட்டாயம்."

புன்மீ வாங்கி வைத்த காவி கண்ணாடி அலமாரியில் முப்பது வருடமாக இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை வெயிலில் உலர்த்தி மடித்து வைப்பாள். மகன் மனப்பாடம் செய்ய வேண்டிய பாலி மொழி வாசகப் புத்தகமும் அதன் மேலேயே இருக்கும். ஒவ்வொரு ஆண்டும் மழைக்கு முன்னால் விச்சித் அதை எடுத்து உரக்கப் படிப்பார், பத்து நாளில் விட்டுவிடுவார். முதல் பக்கம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. பக்கத்தில் பாயில் உட்கார்ந்து பூண்டு உரிக்கும் புன்மீக்கோ முழுப் புத்தகமும் வந்துவிட்டது.

போன ஆண்டு வெயில் காலத்தில் அவள், "ஓரமெல்லாம் மங்கலாத் தெரியுதுடா விச்சித்" என்றாள்.

"விசிறி வேலை கொஞ்சம் ஓயட்டும்மா. ஒரு நாள் பூரா ஒதுக்கி, பெரிய டாக்டர்கிட்டயே போவோம்."

ஒதுக்கினார், இந்த ஆண்டு ஏப்ரலில். டாக்டர் நெடுநேரம் கண்ணுக்குள் பார்த்துவிட்டு, கண்ணில் நீர் அழுத்தம், நரம்பு போய்விட்டது என்றார். இனி வெளிச்சம் தெரியும், ஆள் தெரியாது.

"எப்ப வந்திருக்கணும்?" என்று விச்சித் கேட்டார்.

"ஒரு வருஷம் முன்னால."

வீடு வரும் வழியில் புன்மீதான் பேசினாள். "விடுடா. பார்க்க வேண்டியதெல்லாம் பார்த்தாச்சு. ஒண்ணைத் தவிர." குத்திக்காட்டவில்லை, பாவம், கணக்குச் சரியாக இருக்கட்டும் என்று சொன்னாள். விச்சித் அம்மாவை மனைவி லமையிடம் விட்டுவிட்டு, செருப்பைக்கூட மாற்றாமல் கோயிலுக்கு நடந்தார். சம்லி அடுப்படியிலிருந்து கூப்பிட்டாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. தெருவே அதைப் பற்றி இரண்டு நாள் பேசியது.

ஜூலையில், மழைக்கால விரதம் தொடங்குவதற்கு நான்கு நாள் முன்பு, சடங்கு நடந்தது. முதல் முடிக் கற்றையைத் தாய் வெட்ட வேண்டும். லமை கத்தரிக்கோலைப் புன்மீயின் விரலில் மாட்டி வழிகாட்டினாள். புன்மீ மகன் தலையை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, "என்னடா இது, பாதி வழுக்கை? வெட்டறதுக்கு நீ ஒண்ணுமே மிச்சம் வைக்கலையே" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விச்சித்தும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மண்டபத்தில் இரண்டாம் பக்கத்தில் வாசகம் நின்றுவிட்டது. மூத்த பிக்கு காத்திருந்தார். பின்னால் பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு முதிய குரல் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தது. மூத்த பிக்கு காதில் விழாதது போல் இருந்துவிட்டார்.

காவியில் அவர் வெளியே வந்து உட்கார்ந்ததும் முதல் காணிக்கை தாயுடையது. பெண் கையிலிருந்து பிக்கு நேராக வாங்கக் கூடாது. விச்சித் காவித் துணி ஒன்றை விரித்து, ஒரு முனையைப் பிடித்துக்கொண்டார். மறு முனையில் அவள் தாமரை மொட்டுகளை வைக்க வேண்டும்.

"உங்க முன்னாலதான் அத்தை துணி இருக்கு. பூவை வைங்க" என்றாள் லமை.

புன்மீ குனிந்து தரையைத் துழாவினாள். விரலில் துணி பட்டது.

"காவிதானே?"

"காவிதான் அத்தை."

மொட்டுகள் அவள் மடியில் சரிந்தன. புன்மீ துணியின் ஓரத்தை இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டாள். பின்னால் சம்லியும் மற்றவர்களும் தட்டுகளோடு வரிசையில் நின்றார்கள். யாரோ தொண்டையைச் செருமினார்கள். விச்சித் தன் முனையை விடாமல், அவளாக விடும்வரை, அசையாமல் உட்கார்ந்திருந்தார்.