முள் எடுத்தவரின் செருப்பு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷம், போளூரிலிருந்து ஜவ்வாது மலைமேல் இருந்த மாதா கோவிலுக்குச் செபமாலை சொல்லியபடி நடந்தோம். வேண்டுதலுக்காக எல்லோருமே வெறுங்கால். ஒருவர் மட்டும் கனத்த தோல்செருப்பு போட்டிருந்தார்.

காதோரம் நரைத்த குட்டையான மனிதர். இடுப்பில் முள்வாங்கி தொங்கும். யார் நொண்டினாலும் தானாகவே வந்து உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்து முள்ளை எடுப்பார். எடுத்ததைத் தீப்பெட்டிக்குள் போட்டுக்கொள்வார்.

என் காலைப் பிடித்திருந்தபோது எரிச்சலோடு கேட்டுவிட்டேன்: "மாதாகிட்ட போறப்போ உங்களுக்கு மட்டும் இன்னாத்துக்குங்க செருப்பு?"

அவர் நிமிரவில்லை. "எனக்குத் தச்சுட்டா யாருங்க எடுக்கறது?"

நியாயமான பதில்தான். ஆனாலும் அது அன்பா, சாமர்த்தியமா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. முள் வலிக்காமல் வந்தது. அதை மட்டும் சொல்ல முடியும்.